உள்பக்கம் தேய்ந்த டயர்

எங்களுக்கு எதிராக எழுதப்பட்ட ஒரு கடிதம்தான் அந்த வழக்கில் எங்களுடைய முதல் சான்றாவணம். டயர் கம்பெனி தன் முகவர் மூலம் அனுப்பிய அரைப் பக்கக் கடிதம் அது. டயரின் உள்பக்கத் தோள் மட்டும் தேய்ந்திருக்கிறது, உற்பத்திக் குறை எதுவும் இல்லை, காரின் சக்கர அமைப்பில்தான் கோளாறு, ஆகவே டயரை மாற்றித் தர வழியில்லை என்று அதில் கண்டிருந்தது. கட்சிக்காரரின் கணவர் அந்தக் கடிதத்தைக் கசக்கிப் பைக்குள் வைத்திருந்தார். "இவனுகளத்தான் முதல்ல இழுக்கணும் சார்" என்றார். நான் அதை வாங்கி மேசையில் வைத்து நீவிவிட்டேன்.

2022 மார்ச் மாதம் அவர்கள் என்னிடம் வந்தார்கள். கட்சிக்காரர் அவரல்ல, அவர் மனைவி. நாங்குநேரிப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ், வீடு பாளையங்கோட்டையில். கொரோனாக் காலத்தில் ஊரே கதவடைத்துக் கிடந்தபோதும் தினமும் வேலைக்குப் போய்வந்தவர். கார் அவர் பெயரில் இருந்தது, ஓட்டுவதும் அவர்தான். கணவர் கூட்டுறவு வங்கியில் வேலை. கோபம் முழுவதும் அவருக்கு, விவரம் முழுவதும் அந்தம்மாவுக்கு. பெட்ரோல் போடும்போதெல்லாம் தேதி, மீட்டர் அளவு, லிட்டர் என்று ஒரு டைரியில் எழுதி வைக்கும் வழக்கம் அவருக்கு உண்டு. ஆஸ்பத்திரியில் காய்ச்சல் அட்டவணை எழுதும் கை அல்லவா? அந்த டைரி இல்லாவிட்டால் வழக்கு பாதியில் படுத்திருக்கும்.

நடந்தது இதுதான். 2020 நவம்பர், மழை இரவு. வேலை முடிந்து திரும்பும்போது சர்வீஸ் ரோட்டில் மாடு குறுக்கே வந்தது. ஸ்டீயரிங்கை ஒடித்துத் தப்பினார். முன்சக்கரம் தப்பிவிட்டது. பின்னால் வந்த இடது சக்கரம் சாலையோரக் கல்லின் முனையில் நேராக மோதியது. டயர் வெடித்து, ரிம் பிளந்து, பின்கதவின் அடிப்பகுதி நசுங்கியது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்ஷூரன்ஸில் பழுது பார்க்க சர்வீஸ் சென்டரில் விட்டார்கள். புது ரிம், புது டயர், கதவுக்குப் பட்டி பார்த்து பெயின்ட். டயருக்குப் பாதித் தொகையைத் தேய்மானம் என்று கழித்துக்கொண்டார்கள். ரப்பர், பிளாஸ்டிக் சாமான்களுக்கு வழக்கமாக 50 சதவீதம் அப்படிக் கழியும். வண்டி கைக்கு வந்தபோது மீட்டர் 21,400.

வந்த வாரமே அவருக்கு ஒரு வித்தியாசம் தெரிந்தது. நேர்சாலையில் போகும்போது ஸ்டீயரிங் இடப்பக்கம் லேசாகத் திரும்பியே நிற்கிறது. டிசம்பரில் கொண்டுபோய்க் காட்டினார். அலைன்மென்ட் செய்தாயிற்று என்று கொடுத்தார்கள். ஸ்டீயரிங்கும் நேராகிவிட்டது. அத்தோடு அவர் அதை மறந்தே போனார்.

2021 ஜூனில் பின் இடது டயர் பஞ்சர். பஞ்சர் கடைக்காரர் சக்கரத்தைக் கழற்றித் தரையில் போட்டு, உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். வெளியே நின்று பார்த்தால் பட்டன்கள் நன்றாக இருக்கின்றன. உள்பக்கம் ஒரு விரல் அகலத்துக்கு வழவழவென்று மழித்த மாதிரி; அதற்கும் உள்ளே நூல் தெரிந்தது. "இதுல எப்படிம்மா ஹைவேஸ்ல ஓட்டுனீங்க?" என்று கேட்டிருக்கிறார். மீட்டர் அப்போது 32,100. புது டயர் 11,000 கி.மீ. கூட முழுதாக ஓடவில்லை. ஆனால் கம்பெனியிலிருந்து காரோடு வந்த முன் டயர்கள் இரண்டும் அப்போதும் நன்றாகவே இருந்தன. முன்சக்கரம் இழுக்கும் காரில் முன் டயர்தான் முதலில் தேயும் என்பதை யோசித்தால், இதிலேயே பாதி விடை இருக்கிறது.

சர்வீஸ் சென்டரில் டயர் மட்டம் என்றார்கள். டயர் கம்பெனி மேலே சொன்ன கடிதத்தைக் கொடுத்தது. பின்னால் இரண்டு டயரும் புதிதாகப் போட்டார்கள். திரும்ப ஓர் அலைன்மென்ட். 2022 பிப்ரவரியில் பார்த்தால் அந்த இடது டயரும் உள்ளே மொட்டை. கணவர் நேரே என்னிடம் வந்துவிட்டார்.

"காரையே மாத்திக் குடுக்கச் சொல்லணும் சார்."

அது நடக்காது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். உற்பத்திக் குறையே இருந்தாலும், பழுதான பாகத்தை மாற்றினால் தீரும் என்றால் முழு வாகனத்தையும் மாற்றித் தரச் சொல்ல முடியாது என்று மாருதி உத்யோக் எதிர் சுசீல் குமார் காப்கோத்ரா வழக்கில் 2006-லேயே உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. இங்கே கார் கம்பெனி செய்த தவறு எதுவும் கண்ணில் படவில்லை. டயர் கம்பெனி செய்ததாகவும் தெரியவில்லை. நுகர்வோர் வழக்குகளில் பலர் வரிசையாக எல்லாரையும் எதிர்த்தரப்பினராகச் சேர்ப்பார்கள்; யாராவது ஒருவர் மாட்டுவார் என்ற நினைப்பு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஐந்து பேரைச் சேர்த்தால் ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் காட்டுவார்கள், முறையீட்டாளர் நடுவில் நிற்பார். அந்தக் கல்லில் மோதிய பிறகு சக்கரத்தின் அடியில் கைவைத்தவர் யார்? அவர் ஒருவர்தான் முதல் எதிர்த்தரப்பு. இன்ஷூரன்ஸ் கம்பெனியை இரண்டாவதாக, சம்பிரதாயத்துக்குச் சேர்த்தேன்.

நோட்டீஸ் அனுப்புவதற்கு முன் விஷயத்தைப் புரிந்துகொள்ள வண்ணார்பேட்டையில் அலைன்மென்ட் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சியிடம் போனேன். அவருக்குச் சட்டம் தெரியாது, டயர் தெரியும். கழற்றி வைத்த டயரின் மேல் என் உள்ளங்கையைப் பிடித்து வைத்து உள்ளிருந்து வெளிப்பக்கமாக இழுத்தார். வழுக்கிக்கொண்டு போனது. பிறகு வெளியிலிருந்து உள்பக்கமாக இழுத்தார். ஒவ்வொரு பட்டனின் விளிம்பும் கையில் குத்தியது. "காத்து கம்மின்னா ரெண்டு ஓரமும் தேயும். காத்து ஜாஸ்தின்னா நடுவுல தேயும். ஷாக் அப்சார்பர் போச்சுன்னா அங்கங்க குழி குழியா இருக்கும். இது டோ சார். சக்கரம் வெளியப் பாத்து நிக்கி" என்றார். சக்கரத்தின் முன்பகுதி உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் கோணத்துக்கு டோ என்று பெயர். மேல்பகுதி உள்ளே சாய்ந்திருக்கிறதா, வெளியே சாய்ந்திருக்கிறதா என்பது கேம்பர். முன்சக்கரத்தில் டோவைத் திருகித் திருத்தலாம். இந்தக் காரில் பின்னால் இருப்பது ஒரே துண்டாக வரும் ஆக்சில். அதில் திருக எதுவும் இல்லை. வளைந்தால் மாற்றத்தான் வேண்டும்.

"அப்ப ரெண்டு தடவை அலைன்மென்ட் பண்ணதா எழுதியிருக்காங்களே?"

"முன்னாடி பண்ணிருப்பான் சார். ஸ்டீயரிங் நேரா வந்துரும்லா. வண்டி நண்டு மாதிரி சாஞ்சுதான் போகும், ஆனா உள்ள இருக்கவங்களுக்குத் தெரியாது."

திரும்பி வந்ததும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குக் கட்சிக்காரர் பெயரில் ஒரு கடிதம் எழுதி, சர்வேயர் அறிக்கையின் நகலும் அதனுடன் இணைந்த ஆவணங்களும் கேட்டேன். வந்த கட்டில் சர்வீஸ் சென்டர் முதலில் கொடுத்த எஸ்டிமேட் இருந்தது. இரண்டாம் பக்கத்தில், பெயின்ட் கணக்குக்கும் கிளிப்புகளுக்கும் நடுவே, ஒரு வரி: ரியர் ஆக்சில் அசெம்பிளி. அதன் எதிரே சர்வேயர் பேனாவால் எழுதியிருந்த குறிப்பு, பிரித்து அளந்து உறுதிசெய்த பிறகு அனுமதிக்கலாம் என்பது. கடைசி பில்லில் அந்த வரி இல்லை. அளந்ததாகவும் இல்லை, அளக்க வேண்டாம் என்று யாரும் சொன்னதாகவும் இல்லை. பணம் வாங்கிக்கொண்டு மாற்றாமல் விட்டார்கள் என்று குற்றம் சொல்ல முடியாது. ஆக்சிலுக்கு அவர்கள் ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. ஆனால் ஆக்சில் வளைந்திருக்கலாம் என்று அவர்களே எழுதிவிட்டு, வண்டிக்குச் சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் சாவியைக் கொடுத்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கைகொடுத்தது. சேவைக் குறைபாடு என்பதற்கு அச்சட்டம் தரும் விளக்கத்தில், நுகர்வோருக்குத் தெரிய வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் அடக்கம். 1986 சட்டத்தின் விளக்கத்தில் இப்படித் தனியாகச் சொல்லப்படவில்லை. புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2020 ஜூலை 20. விபத்து நடந்தது அதே ஆண்டு நவம்பரில். ஆகவே முறையீட்டில் டயர் தேய்ந்ததைப் பிரதானமாக நான் வைக்கவில்லை. சொல்லாமல் விட்டதைத்தான் வைத்தேன்.

2022 மத்தியில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் தாக்கல் செய்தோம். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. எதிர்த்தரப்பு வக்கீல் எனக்கு மூத்தவர், நல்ல மனிதர். வராந்தாவில் வைத்து, "டயர் தேஞ்சதுக்கெல்லாம் கேஸா தம்பி? செருப்பு தேஞ்சா அடுத்து வருவீங்களோ?" என்று கேட்டார். அவருடைய எதிருரை அவ்வளவு லேசாக இல்லை. காலவரம்பு கடந்தது என்றார். அது நிற்கவில்லை, பழுது பார்த்த நாளிலிருந்து எண்ணினாலும் இரண்டு ஆண்டு ஆகவில்லை. போதாக்குறைக்கு 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான காலத்தையே உச்ச நீதிமன்றம் கணக்கிலிருந்து நீக்கியிருந்தது. டயர் கம்பெனியைச் சேர்க்காததால் முறையீடே செல்லாது என்றார். காற்றுச் சரியாக வைக்கவில்லை, அளவுக்கு மீறி ஆள் ஏற்றினார்கள், டயர்களை முன்பின் மாற்றிப் போடவில்லை, நாங்குநேரிப் பக்கத்துக் கிராமச் சாலை மோசம் என்றெல்லாம் அடுக்கினார்.

இவற்றுக்குப் பதில் எழுதுவது எனக்குச் சிரமமாக இல்லை. அண்ணாச்சி சொல்லிக்கொடுத்த பாடமே போதும். காற்றுக் குறைவும் அதிகப் பாரமும் டயரின் இரண்டு தோளையும் தின்னும். சாலை மோசமென்றால் நான்கு டயரும் அதே சாலையில்தான் ஓடின. டயரை மாற்றிப் போடுவது தேய்மானத்தைப் பங்கிட்டுக் கொடுக்குமே தவிர, தேய்மானத்துக்குக் காரணத்தை நீக்காது. மாற்றிப் போட்டிருந்தால் நான்கும் பாழாயிருக்கும். டயர் கம்பெனி ஏன் இல்லை என்பதற்கு அந்தக் கசங்கிய கடிதத்தை முதல் சான்றாவணமாகப் போட்டேன். டயர் மட்டம் என்று சொல்பவர் சர்வீஸ் சென்டர், ஆகவே அதை நிரூபிக்கும் பொறுப்பும் அவருடையது என்றேன்.

என்னைக் கொஞ்சம் தடுமாற வைத்தது இன்னொரு வாதம். வலது பின் டயரும் உள்பக்கம் தேய்ந்திருக்கிறது. இடது அளவுக்கு இல்லை, ஆனால் தேய்ந்திருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. "வலது சக்கரத்தில் அடியே படவில்லையே? அது ஏன் தேய்ந்தது?" நியாயமான கேள்வி. அண்ணாச்சியைக் கேட்டேன், அவர் அனுபவத்தில் அப்படித்தான் வரும் என்றார், ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. அனுபவம் என்று ஆணையத்தில் எழுத முடியாது.

சட்டத்தின் 38-வது பிரிவின்கீழ் வல்லுநரை நியமிக்க மனுப் போட்டோம். ஆணையம் ஒரு பொறியியல் கல்லூரியின் ஆட்டோமொபைல் துறைப் பேராசிரியரைக் கமிஷனராக நியமித்தது. கட்டணம் முதலில் எங்கள் தலையில். இரு தரப்பும் நிற்க, இரு தரப்புக்கும் சம்பந்தமில்லாத மூன்றாவது கடையில் நான்கு சக்கரத்தையும் அளந்தார். இடது பின்சக்கரம் 1 டிகிரி வெளிநோக்கித் திரும்பியிருந்தது. மேல்பகுதி வரம்பை மீறி உள்ளே சாய்ந்திருந்தது. வலது பின்சக்கரத்தின் அளவுகள் வரம்புக்குள். பின்னோக்கியும் மேல்நோக்கியும் விழுந்த அடியால் இடது முனையில் ஆக்சில் வளைந்திருக்கிறது என்று அறிக்கை தந்தார்.

வலது டயர் பற்றி அவர் எழுதிய பத்தி இன்றும் நினைவிருக்கிறது. பின் ஆக்சில் ஒரே துண்டு. இடது சக்கரம் ஒரு பக்கம் இழுத்தால், வண்டி இரண்டு சக்கரத்துக்கும் நடுவான ஒரு திசையில் சாய்ந்து ஓடத் தொடங்கும். அப்போது 1 டிகிரிக் கோணத்தை இரண்டு சக்கரமும் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொள்கின்றன. அரை டிகிரி என்றால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 8.7 மீட்டர் தூரம் டயர் பக்கவாட்டில் உரசுகிறது. 10,000 கி.மீ. ஓடினால் 87 கி.மீ. தூரம் அந்த ரப்பரைத் தார்ச்சாலையில் பக்கவாட்டில் தேய்த்ததற்குச் சமம். அடிபடாத வலது சக்கரமும் தேய்ந்தது அதனால்தான். இடது சக்கரத்தில் மேல்பகுதி உள்ளே சாய்ந்திருப்பதும் சேர்ந்துகொண்டதால் அது முதலில் நூலுக்கு வந்துவிட்டது. ஸ்டீயரிங் இடப்பக்கம் நின்றதற்கும் இதுவே காரணம்.

நுகர்வோர் ஆணையத்தில் சினிமாவில் வருவது போல் குறுக்கு விசாரணை கிடையாது. பெரும்பாலும் நிரூபண வாக்குமூலம்தான். தேவைப்பட்டால் வினாப்பட்டியல் கொடுத்து எழுத்தில் பதில் வாங்கலாம் என்று டாக்டர் ஜே.ஜே. மெர்ச்சன்ட் வழக்கில் 2002-இல் உச்ச நீதிமன்றம் வழி சொல்லியிருக்கிறது. எனக்கு எழுத்துக் கேள்வி பிடிக்கும். வாயால் கேட்டால் சாட்சி வளைந்து நெளிந்து தப்புவார். எழுத்தில் ஒரு வரிக் கேள்விக்கு ஒரு வரிதான் எழுத வேண்டும். சர்வீஸ் சென்டர் மேலாளருக்குச் சில கேள்விகள் அனுப்பினேன். இந்த மாடலில் பின்சக்கரத்தின் டோவைத் திருத்த முடியுமா? முடியாது என்று பதில். அப்படியானால் இரண்டு ஜாப் கார்டிலும் செய்ததாக எழுதியிருக்கும் அலைன்மென்ட் எந்தச் சக்கரத்துக்கு? முன்சக்கரங்களுக்கு. அலைன்மென்ட் இயந்திரம் பின்சக்கரத்தின் அளவையும் அச்சிட்டுத் தருமா? தரும். அந்தத் தாள் எங்கே? பாதுகாக்கப்படவில்லை. எஸ்டிமேட்டில் ஆக்சில் வரியை எழுதியவர் யார், அதை நீக்கியவர் யார்? பணியாளர் இப்போது வேலையில் இல்லை.

அந்தத் தாளை மட்டும் கட்சிக்காரர் கையில் கொடுத்திருந்தால், பின் இடது கட்டம் சிவப்பில் இருப்பதை அந்தம்மாவே பார்த்திருப்பார் என்று வாதத்தில் சொன்னேன்.

கழற்றிய டயர்களைக் கடையில் விட்டுவிடாமல் வீட்டு மாடியில் போட்டு வைத்திருந்தார்கள். இரண்டாவது இடது டயரைச் சான்றுப் பொருளாகக் கொண்டுவந்து ஆணைய அறையின் ஓரத்தில் சாத்தினோம். டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு தயாரித்த வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. இதில் 1421 என்று இருந்தது. 2021-ஆம் ஆண்டின் 14-வது வாரத்தில், அதாவது ஏப்ரலில் செய்த டயர் மறு ஆண்டு பிப்ரவரிக்குள் மொட்டையாகியிருக்கிறது. எத்தனை கிலோமீட்டரில் என்பதை டைரி சொல்கிறது. வெளியோரத்தில் 6 மி.மீ. ஆழம். உள்ளோரத்தில் ரப்பர், எல்லை காட்டும் 1.6 மி.மீ. மேட்டுக்கும் கீழே போயிருந்தது. ஆணையத்தின் பெண் உறுப்பினர் இருக்கையிலிருந்து இறங்கி வந்து, முதலில் இப்படியும் பிறகு அப்படியுமாகக் கையால் தடவிப் பார்த்தார். இரண்டாவது தடவலில் கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார். எதிர்த்தரப்பு வக்கீலும் வந்து தடவினார். ஒன்றும் சொல்லவில்லை. அதன் பிறகு அவர் செருப்புப் பேச்சை எடுக்கவே இல்லை.

2023-இல் உத்தரவு வந்தது. ஆக்சில் வளைந்திருக்கலாம் என்று தெரிந்தும் அளக்காமலும் சொல்லாமலும் வண்டியை ஒப்படைத்தது சேவைக் குறைபாடு என்று ஆணையம் கண்டது. புது ஆக்சிலைத் தன் செலவில் மாற்றித் தர வேண்டும், அல்லது அதற்கான தொகையைக் கொடுக்க வேண்டும். வீணான பின் டயர்களின் விலை, கமிஷனருக்குக் கட்டிய கட்டணம், மன உளைச்சலுக்கு 25,000 ரூபாய், வழக்குச் செலவு 10,000. இன்ஷூரன்ஸ் கம்பெனி மீதான முறையீடு செலவுத் தொகையின்றித் தள்ளுபடி. மன உளைச்சலுக்கு நாங்கள் கேட்டது 2 லட்சம். கணவருக்கு மனக்குறைதான். நூல் தெரியும் டயரில் மனைவி நெடுஞ்சாலையில் போய்வந்ததற்கு விலை இவ்வளவுதானா என்று கேட்டார். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. ஆணையங்கள் இந்தத் தலைப்பில் கை சுருக்கித்தான் கொடுக்கின்றன.

மேல்முறையீட்டுக்கு 45 நாள் அவகாசம் உண்டு, உத்தரவான தொகையில் பாதியை முன்கூட்டியே கட்ட வேண்டும். அவர்கள் போகவில்லை. காசோலை வந்தது. ஆக்சிலை அந்தம்மா அவர்களிடம் மாற்றவில்லை, பணமாக வாங்கிக்கொண்டு வேறு இடத்தில் மாற்றினார். நான்கு சக்கரத்துக்கும் அளவு அச்சிட்ட தாளை வாங்கி அந்த டைரிக்குள் ஒட்டி வைத்திருக்கிறார்.

இன்ஷூரன்ஸில் கார் பழுது பார்த்தவர்கள் பில்லோடு நின்றுவிடாதீர்கள். சர்வேயர் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். பாலிசிதாரர் கேட்டால் தர வேண்டும் என்பது விதி, வக்கீல் தேவையில்லை, ஒரு கடிதம் போதும். வந்ததும் முதல் எஸ்டிமேட்டையும் கடைசி பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் பாருங்கள்.